எதுவரைக்கும் வருது?

"கம்ப்யூட்டர் ஆன் ஆகல" என்று போன் வந்தால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எதுவரைக்கும் வருது?" பலருக்கு எரிச்சல் வரும். "அதான் ஆன் ஆகலன்னு சொல்றேனே!" என்பார்கள். நான் விடுவதில்லை. பட்டனை அமுக்கினால் ஃபேன் சுத்துதா? சுத்தி உடனே நிக்குதா? கீபோர்டில் லைட் எரிஞ்சு அணையுதா? மானிட்டரில் கம்பெனி பெயர் தெரியுதா? விண்டோஸ் வந்து புள்ளிகள் சுத்திக்கிட்டே நிக்குதா? இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்துவிட்டால், வண்டியை எடுப்பதற்கு முன்பே பையில் எதை எடுத்து வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

நான் சிவகாசியில் சர்வீஸ் வேலை பார்க்கிறவன். இந்த ஊரில் கம்ப்யூட்டர் என்றால் பெரும்பாலும் அச்சகம், டி.டி.பி. சென்டர், பட்டாசுக் கடைக் கணக்கு. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதிலிருந்து மார்கழி வரைக்கும் டிசைன் டேபிளில் இருக்கும் ஒரு மெஷின் படுத்துவிட்டால், அதற்குப் பின்னால் பிளேட் போடுகிறவர், மெஷின் ஓட்டுகிறவர், கட்டிங், பைண்டிங் என்று எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நேரத்தில் போய் "போர்டு போச்சு அண்ணாச்சி, புதுசு வாங்கிருங்க" என்று சொல்வது சுலபம். பல இடங்களில் சொல்கிறார்கள். எனக்கு அது ஒப்பாது. அளந்து பார்க்காமல் ஒரு பொருளைப் பழுது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஒரு டெஸ்க்டாப் எழுந்திருப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையில் எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

சுவரில் ஸ்விட்சைப் போட்டவுடனேயே, கேபினெட் பட்டனைத் தொடுவதற்கு முன்பே, கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஊதா வயரில் 5 வோல்ட் வந்து காத்திருக்கும். சில போர்டுகளில் அதற்கென்று சின்ன லைட்டே உண்டு. பட்டனை அமுக்கும்போது போர்டு பச்சை வயரைக் கறுப்பு வயரோடு, அதாவது கிரவுண்டோடு, சேர்க்கிறது. அப்போதுதான் எஸ்.எம்.பி.எஸ். முழுதாக ஓட ஆரம்பித்து 12, 5, 3.3 வோல்ட்களைக் கொடுக்கும். அவை நிலைக்கு வந்த பிறகு, 100 முதல் 500 மில்லி செகண்டுக்குள், சாம்பல் நிற வயரில் ஒரு 5 வோல்ட் வரும். "கரண்ட் சரியாக இருக்கிறது, வேலையை ஆரம்பிக்கலாம்" என்று போர்டுக்குச் சொல்லும் சிக்னல் அது. அதுவரை ப்ராசஸர் ரீசெட்டிலேயே கிடக்கும். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை என்று வரும் எத்தனையோ கேஸ்களில் இந்தச் சாம்பல் வயரை யாரும் அளந்திருக்க மாட்டார்கள்.

ஜெம் கிளிப்பை வளைத்துப் பச்சையையும் கறுப்பையும் சேர்த்து, ஃபேன் சுற்றினால் எஸ்.எம்.பி.எஸ். நல்லது என்று முடிவு கட்டுவது எங்கள் தொழிலில் பரவலான வழக்கம். அதில் தெரிவது அது முழுக்கச் சாகவில்லை என்பது மட்டுமே. சுமை ஏறும்போது வோல்ட் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. அதனால் 24 பின் கனெக்டரைப் போர்டில் மாட்டியபடியே, பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகி, மெஷின் ஓடும்போதே அளக்க வேண்டும். 12 வோல்ட் என்பது 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது, 12.6-க்கு மேலே ஏறக் கூடாது. 5 வோல்ட்டுக்கு 4.75 முதல் 5.25 வரை. இந்த அளவுகளைக் கேபினெட்டின் உள்பக்கம் மார்க்கரில் எழுதியே வைப்பேன். அடுத்து வருகிறவர் யாராக இருந்தாலும் உதவும்.

பட்டனையும் சந்தேகப்பட வேண்டும். பழைய கேபினெட்டில் பவர் பட்டன் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். பட்டனை நாலு செகண்ட் அமுக்கிப் பிடித்தால் மெஷினை அணைத்துவிட வேண்டும் என்பது போர்டில் இருக்கும் ஏற்பாடு. சிக்கிய பட்டன் அதைத்தான் செய்யும். மெஷின் ஆன் ஆகும், நாலு எண்ணுவதற்குள் அணையும். ரீசெட் பட்டன் சிக்கினால் வேறு மாதிரி: ஃபேன் எல்லாம் சுற்றும், ப்ராசஸர் மட்டும் எழுந்திருக்காது, எத்தனை நேரம் காத்திருந்தாலும் திரையில் ஒன்றும் வராது. இரண்டு வயரையும் போர்டிலிருந்து உருவிவிட்டு, பவர் பின் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் உண்மை வெளியே வந்துவிடும். இதைப் பார்க்காமலே ப்ராசஸர் மாற்றிய இடங்கள் உண்டு.

நான் எப்போதும் பையில் வைத்திருக்கும் இன்னொன்று நாலு பின் பஸ்ஸர். இப்போது புது கேபினெட்டுகளோடு இது வருவதே குறைவு. ரொம்பச் சின்னப் பொருள், ஆனால் டிஸ்ப்ளே இல்லாத மெஷினுக்கு அதுதான் வாய். ராம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பஸ்ஸரை மாட்டி ஆன் செய்வேன். "ராம் இல்லை" என்று போர்டு கத்தினால் எனக்குப் பெரிய நிம்மதி. கத்துவதற்கு ப்ராசஸர் ஓட வேண்டும், பயாஸ் சிப்பைப் படிக்க வேண்டும், அதற்கு வேண்டிய வோல்ட் எல்லாம் வந்திருக்க வேண்டும். அத்தனையும் ஒரே சத்தத்தில் உறுதியாகிவிடுகிறது. கத்தவில்லை என்றால் ராமைத் துடைத்துக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. முதலில் ப்ராசஸருக்கென்று தனியாக வரும் நாலு பின் 12 வோல்ட் கனெக்டர் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ப்ராசஸர், போர்டு என்று அந்தப் பக்கம் போகலாம்.

ராம் துடைப்பது என்றதும் ரப்பர் ஞாபகம் வரும். தங்க முலாம் மிகவும் மெல்லியது. ரப்பரை அழுத்தித் தேய்க்கத் தேய்க்க முலாம் போய் அடியிலிருக்கும் உலோகம் வெளியே வரும், பிறகு அது கறுத்துக்கொண்டே இருக்கும். பஞ்சு உதிராத துணியை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்தால் போதும். கறை கெட்டியாக இருந்தால் மட்டும் மிருதுவான வெள்ளை ரப்பரால் லேசாக ஒரு இழுப்பு.

இந்த ஊருக்கென்றே ஒரு தூசி இருக்கிறது. ஆஃப்செட் மெஷினில் அச்சான தாள்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும்போது மை ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஸ்ப்ரே பவுடர் தூவுவார்கள். மாவு போல நைசாக இருக்கும். அச்சகத்துக்குள் இருக்கும் கம்ப்யூட்டரைத் திறந்தால் ஹீட் சிங்க்கின் இடுக்கெல்லாம் அந்த வெள்ளை மாவும் தாள் தூசியும் கலந்து அடைத்திருக்கும். காற்று போக வழியில்லை. மெஷின் எழும், விண்டோஸ் வரும்போது அணைந்துவிடும். உடனே திரும்பப் போட்டால் இன்னும் சீக்கிரம் அணையும். அரை மணி விட்டுப் போட்டால் கொஞ்ச நேரம் அதிகம் ஓடும். இப்படி ஒருவர் சொன்னால் அது சூடுதான். ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தறிகெட்டுச் சுற்றி பேரிங் கெட்டுவிடும். ப்ராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே இருக்கும் பேஸ்ட் காய்ந்திருந்தால் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

என் மனதில் நிற்பது ஒரு டி.டி.பி. சென்டரின் மெஷின். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ் அடிக்கிற இடம். அங்கே வேலை பார்க்கும் பெண் சொன்னது: "அண்ணே, காலைல அஞ்சாறு தடவை போட்டாத்தான் வருது. வந்திருச்சின்னா ராத்திரி பூட்டுற வரைக்கும் ஒரு தொல்லையும் இல்ல."

இந்த இரண்டு வாக்கியத்துக்குள் எல்லாம் இருந்தது. எனக்கு முன்பு வந்து பார்த்தவர்கள் ராம் மாற்றியிருக்கிறார்கள், விண்டோஸ் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். வந்தவர்கள் எல்லாரும் மதியத்தில் வந்தவர்கள், அப்போது மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் கடை திறக்கும் நேரத்துக்குப் போனேன். பட்டனை அமுக்கியதும் ஃபேன் சுற்றியது, டிஸ்ப்ளே இல்லை. மறுபடி போட்டேன், அதே கதை. கேபினெட்டைத் திறந்து, அந்தப் பெண்ணின் பக்கத்து வீட்டிலிருந்து ஹேர் டிரையர் வாங்கி, ப்ராசஸரைச் சுற்றி வரிசையாக நிற்கும் கெபாசிட்டர்கள் மேல் கொஞ்ச நேரம் இதமான சூடு காட்டினேன். அடுத்த முறை பட்டனைத் தொட்டதும் விண்டோஸ் வரைக்கும் போனது.

எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்குள் ஒரு திரவம் இருக்கிறது. அது வற்றவோ கெடவோ ஆரம்பித்தால் கெபாசிட்டரின் உள்தடை ஏறும். குளிர்ந்திருக்கும்போது அந்தத் தடை அதிகம், சூடானால் குறையும். ராத்திரி முழுக்க அணைந்து கிடந்த மெஷினில் காலையில் ப்ராசஸருக்குப் போகும் வோல்ட் சுத்தமாக இல்லாமல் நடுங்கும், அதனால் எழாது. நாலைந்து தடவை போட்டு அணைத்ததில் கெபாசிட்டர் சூடேறிவிடும், எழும். எழுந்த பிறகு சூட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும். டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தேன். நல்ல கெபாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். இங்கே இரண்டு மட்டும் மெல்ல உப்பியிருந்தன. கண்ணுக்கு லேசாகத்தான் தெரிந்தது, நகத்தை வைத்து இழுத்தால் தடுக்கியது. ஒன்றின் அடியில் பழுப்பாக ஒரு கசிவு.

ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை தயாரான போர்டுகளில் இந்த வியாதி உலகம் முழுக்க இருந்தது. தைவானில் செய்த சில கெபாசிட்டர்களில் போட்ட திரவத்தின் கலவை சரியில்லாமல் போனதுதான் காரணம். நல்ல போர்டுகள் எத்தனையோ இதனாலேயே குப்பைக்குப் போயின. இந்தப் போர்டும் அந்தக் காலத்துச் சரக்குதான்.

மாற்றுவது பொறுமையான வேலை. மதர்போர்டு பல அடுக்கு கொண்டது. கிரவுண்டு பக்கத்துக் காலில் அயர்னை வைத்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும், ஈயம் இளகாது. அவசரப்பட்டு இழுத்தால் துளையின் உள்சுவர் பிய்ந்து வந்துவிடும், பிறகு போர்டைச் சரிசெய்வது பெரும்பாடு. புது ஈயம் கொஞ்சம் ஊட்டி, ஒரு காலைச் சூடாக்கி அந்தப் பக்கம் ஒரு முடி அளவு சாய்த்து, அடுத்த காலைச் சூடாக்கி இந்தப் பக்கம் சாய்த்து, அப்படியே ஆட்டி ஆட்டிக் கழற்ற வேண்டும். மாற்றிப் போடும் கெபாசிட்டரும் அதே இனமாக இருக்க வேண்டும். ரேடியோ சாமான் கடையில் கிடைக்கும் சாதாரண 1500 மைக்ரோ ஃபேரட் இங்கே உதவாது, அதன் உள்தடையே அதிகம். 6.3 வோல்ட், 105 டிகிரி, குறைந்த உள்தடை என்று கேட்டு வாங்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்தேன். உப்பியவை இரண்டுதான் என்றாலும் அந்த வரிசை முழுவதையும் மாற்றினேன். ஒரே நாளில் பிறந்து ஒரே சூட்டில் வெந்தவை, மற்றவையும் நெடுநாள் நிற்காது.

இத்தனை பாடுபடுவதற்குப் புது மெஷின் வாங்கக் கூடாதா என்று கேட்கலாம். அந்த மெஷினில் இருந்த தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர், பின்னால் பிரிண்டர் போர்ட்டில் மாட்டிய டாங்கிள் இருந்தால்தான் திறக்கும். புது போர்டுகளில் அந்தப் போர்ட் வருவது அரிது. யூனிகோடுக்கு முந்தின எழுத்துருவில் அடித்த பழைய பத்திரிகைகள் எல்லாம் அதற்குள் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாமல் வேறு மெஷினில் திறந்தால் சாமி பெயர் முதல் மாப்பிள்ளை பெயர் வரை குறியும் கோடுமாகத்தான் வரும். மூத்த மகளுக்குப் பத்திரிகை அடித்தவர் இளைய மகளுக்கு "அதே மாதிரி போட்டுக் கொடும்மா" என்று வந்து நிற்பார். அந்தப் பெண்ணின் விரல்களுக்கும் அந்தக் கீபோர்டு அமைப்புதான் பழக்கம். பழைய மெஷினைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று பேசுகிற சர்வீஸ்காரர்கள் ஒரு நாள் அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இன்னொரு கேஸை நினைத்தால் இப்போதும் வயிறு எரியும். பட்டாசுக் கடைக் கணக்கு மெஷின். தினமும் காலையில் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது, பேங்க் வெப்சைட் திறக்க மாட்டேன் என்கிறது என்று கொண்டுவந்தார்கள். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் தடுத்துவிடும், அது இயல்பு. போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரியை அளந்தேன். 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பாதிகூட இல்லை. அதை மாற்றியதோடு வேலை முடிந்திருக்கும். பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: "போன வாரம்தான் ஃபார்மேட் போட்டோம். விண்டோஸ் லோகோ வந்ததும் நீலமாப் போயி ரீஸ்டார்ட் ஆயிட்டே இருந்துச்சு. ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போச்சு, டேட்டா வராதுன்னு சொல்லிட்டாங்க."

பயாஸ் செட்டப்பைத் திறந்து பார்த்தபோது நடந்தது விளங்கியது. பேட்டரி தீர்ந்ததும் பயாஸ் அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குப் போயிருக்கின்றன. அந்தப் போர்டின் தொழிற்சாலை நிலையில் சாட்டா டிஸ்க் ஐ.டி.இ. முறையில் ஓடும். இவர்கள் விண்டோஸ் போட்டிருந்தது ஏ.எச்.சி.ஐ. முறையில். விண்டோஸ் தன் டிஸ்க்கைத் தேடிக் காணாமல் நீலத் திரையில் விழுந்திருக்கிறது. டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. செட்டப்பில் ஒரே ஒரு வரியை மாற்றியிருந்தால் பழைய விண்டோஸ் பழையபடி எழுந்திருக்கும். மெஷின் விண்டோஸ் லோகோ வரைக்கும் வந்திருக்கிறதென்றால் போர்டு, ப்ராசஸர், ராம் எல்லாம் பெரும்பாலும் சரி. டிஸ்க்கையும் தொட்டுப் படித்திருக்கிறது. அதற்குப் பிறகு என்ன மாறியது என்றுதான் கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. புது விண்டோஸ் ஏறிய இடத்தில் இருந்த கணக்கு போனது போனதுதான். மீதியில் கொஞ்சம் ரெக்கவரி செய்து கொடுத்தேன். கோடையிலிருந்து தீபாவளி வரை வந்த ஆர்டர், வெளியூர் வியாபாரிகளின் பாக்கி, எல்லாவற்றையும் பில் புத்தகத்தைப் பார்த்துத் திரும்ப ஏற்றினார்கள். சில பத்து ரூபாய் பேட்டரிக்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை அது.

அதனால் என் கடையில் ஒரு கட்டாயம்: டேட்டாவைப் பிரதி எடுக்காமல் டிஸ்க்கில் எதையும் எழுதுவதில்லை. டிஸ்க் உண்மையிலேயே தளர்ந்திருந்தால் இது இன்னும் முக்கியம். டிஸ்க் தன்னைப் பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் பட்டியலைப் படித்தால் 5-ஆம் எண்ணும் 197-ஆம் எண்ணும் கெட்டுப்போன, கெட்டுக்கொண்டிருக்கிற இடங்களைச் சொல்லும். அவை ஏறிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் செக் டிஸ்க் ஓட்டுவது நோயாளியை ஓடவிடுவதற்குச் சமம். முதலில் வேறொரு டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடுத்துவிட்டு, மற்றதையெல்லாம் நகலில் செய்ய வேண்டும். 199-ஆம் எண் மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் டிஸ்க் நல்லது, சாட்டா கேபிள்தான் தளர்ந்திருக்கும்.

அச்சகங்களில் அடிக்கடி கேட்கும் புகார், "யு.பி.எஸ். இருந்தும் கரண்ட் போனா ரீஸ்டார்ட் ஆகுது." உடனே யு.பி.எஸ். பேட்டரியை மாற்றச் சொல்வார்கள். சாதாரண யு.பி.எஸ். கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாறச் சில மில்லி செகண்டுகள் எடுத்துக்கொள்ளும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். தன் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் உள்ள மின்சாரத்தை வைத்து 16 மில்லி செகண்ட் வரை தாக்குப்பிடிக்கும். அந்தக் கெபாசிட்டர் வற்றிவிட்டால் இடைவெளியைத் தாண்ட முடியாது. யு.பி.எஸ்.ஸில் வேறொரு நல்ல மெஷினை மாட்டி சுவர் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். அது அணையாமல் ஓடினால் குற்றம் பழைய மெஷினின் எஸ்.எம்.பி.எஸ்.ஸுடையது.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது என்பவர்களிடம் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்பு எர்த்தைப் பார்க்கச் சொல்வேன். எர்த் இல்லாத இடத்தில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஃபில்டர் வழியாக கேபினெட்டில் சுமார் 115 வோல்ட் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவுதான், ஆனால் பிரிண்டர் கேபிளைச் செருகும்போது போர்ட்டைச் சுட்டுவிட அது போதும். இந்த ஊர் வெயிலில் எர்த் குழி காய்ந்து போகும். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி அச்சகக்காரர்களிடம் வருடம் தவறாமல் சொல்கிறேன். பாதிப் பேர் ஊற்றுகிறார்கள்.

சரிசெய்த மெஷினை நான் அன்றைக்கே கொடுப்பதில்லை. சீசனில் இதற்காகச் சண்டையே வரும். "அதான் ஓடுதேப்பா, கொடுத்துவிடு, வேலை கிடக்கு" என்று அண்ணாச்சிகள் கடை வாசலில் நிற்பார்கள். அவர்களுக்கு ஓட்ட வேறு மெஷின் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். பழுது பார்த்ததை ராத்திரி வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு, காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக ஒரே ஒரு தடவை பட்டனை அமுக்குவேன். முதல் அமுக்கிலேயே விண்டோஸ் வரைக்கும் வந்து, தேதியும் சரியாக இருந்தால், கழற்றிய பழைய சாமான்களை ஒரு கவரில் போட்டு மெஷினோடு கொடுத்தனுப்புவேன். இரண்டாவது அமுக்கு தேவைப்பட்டால் அது இன்னும் என் மேஜைக்குச் சொந்தம், அண்ணாச்சி எத்தனை தடவை போன் செய்தாலும் சரி.